நீலமோகனாக இருந்த காலம்

போன வாரம் கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். கைப்பேசியில் தொடர்கதை எழுதுகிறார்களாம். எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்குத் தக்கபடி பணம் வருமாம். அப்படி வந்த பணத்தில் ஒருத்தி செருப்பு வாங்கியிருக்கிறாள். காலைத் தூக்கிக் காட்டினாள், நல்ல செருப்புதான். "எழுதி மட்டுமே பொழைக்க முடியுமாங்க பாயம்மா?" என்று கேட்டார்கள். தேநீர் கொடுத்து, முறுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்கு எதையும் வாயால் சொல்ல வராது, எழுதித்தான் பழக்கம்.

நான் எழுதிப் பிழைத்தவள். கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு, கதை எழுதி, அந்தக் காசில் அரிசி வாங்கி, மகளைப் படிக்கவைத்தவள். ஆனால் ஜமீலா என்ற என் பெயரைச் சொன்னால் பக்கத்துத் தெருவில்கூட யாருக்கும் தெரியாது. நீலமோகன் என்று சொல்லிப் பாருங்கள். தலை நரைத்தவர்கள் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். பேருந்து நிலையத்துக் கடைகளில் துணி காயப்போட்ட மாதிரி மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலம் அது. அதில் கொலை, மர்மம், மாடிப்படி, மழை என்று எழுதித் தள்ளிய நீலமோகன் நான்தான்.

என் வீட்டுக்காரர் அன்வர் மலைச்சரக்கு வியாபாரி. வாரத்தில் இரண்டு நாள் கல்வராயன் மலைக்கு ஏறி, புளி, கடுக்காய், தேன் எல்லாம் வாங்கிவந்து கிட்டங்கியில் அடுக்குவார். ஒரு மழைநாளில் மலை வளைவில் ஜீப் கவிழ்ந்து அவருடைய இடது கால் நசுங்கியது. ஒன்றரை வருஷம் படுக்கை. நான் பத்தாவது வரை படித்தவள். புளி கட்டிவந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற புத்தி உண்டு. ஒரு கதை எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்டால், பசி. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பதில் சபாபதி சாரிடமிருந்து வந்தது. அவர்தான் அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியர். பச்சை மையில் ஓர் அஞ்சலட்டை. "கதை நடக்கிறது. மாதம் ஒன்று தர முடியுமா? பெயர் நீலமோகன் என்று இருக்கும். பெயர் எங்களுடையது." அவ்வளவுதான். பெண்பிள்ளை பெயரில் துப்பறியும் கதை விற்காது என்பதை அவர் எழுதவில்லை. எழுதாமலேயே புரிந்தது.

அந்தத் தொழில் நடந்த முறையைச் சொல்ல வேண்டும், இப்போது யாருக்கும் தெரியாது. கதைக்கு முன்னால் அட்டை வரும். அட்டைப்படத்தை எங்கேயோ மொத்தமாக அச்சடித்து வாங்கிவிடுவார்கள், தலைப்பும் அதிலேயே இருக்கும். மாதம் பிறந்ததும் அந்த அட்டை எனக்குத் தபாலில் வரும். படத்தில் துப்பாக்கி இருந்தால் கதையில் துப்பாக்கி வரவேண்டும், படகு இருந்தால் படகு. கடலையே பார்க்காத நான் எத்தனை பேரைக் கடலில் தள்ளியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கதை தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், ஆறு பாரம் ஒரு புத்தகம். அச்சகத்தில் ஈய எழுத்து இரண்டு பாரத்துக்குத்தான் போதும். ஆகவே முதல் பாரத்தை நான் எழுதிக் காலைப் பேருந்தில் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பியதும், அதைக் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்தை வைத்துத்தான் அடுத்த பாரம். நான் நான்காம் பாரம் எழுதும்போது முதல் இரண்டும் காகிதமாகக் கட்டிக் கிடக்கும். எழுதியதை மாற்றுகிற பேச்சே கிடையாது. விதி என்கிறார்களே, அதை நான் அச்சகத்தில்தான் பார்த்தேன்.

நான் எழுதிய இடம் கிட்டங்கி. புளி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சாக்கைப் போட்டு, பலகையை மடியில் வைத்துக்கொள்வேன். மதியத்தில் ஓட்டுக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும். புளியும் தேன் டின்னும் சேர்ந்த ஒரு மணம், அரைத்தூக்கம் மாதிரி ஆளை அமுக்கும். கதவு வழியாகப் பார்த்தால் மேற்கே மலை நீலக் கோடாகத் தெரியும். எழுதிக்கொண்டே இருக்கும்போது கதையில் வருகிற ஆட்கள் அந்தக் கோட்டிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். கடைத்தெருவில் வெங்காயம் வாங்கப் போனால் எதிரே வருகிறவரை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பேன். மூன்றாம் பாரத்தில் பார்த்திருப்பேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு போவார். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று நிதானிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அப்படி இருந்த நாட்கள் என் வாழ்வில் நல்ல நாட்கள், அதை மறைக்க மாட்டேன்.

சபாபதி சாரை நான் ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சு காதுக்கே எட்டாது. என் கையெழுத்துப் பக்கங்களை உதடு அசைய முழுக்கப் படித்தார். ஓர் இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆஹா, மனுஷன் உருகிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பத்தியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். "இது ரொம்ப நல்லா இருக்கும்மா. நல்லா இருக்கறதால கதை இங்கேயே நின்னு போச்சு. எடுத்துடுவோம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. ஊருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஒரு முறை மாட்டிக்கொண்டேன். விளக்கோடு ஒரு பெண் மாடிப்படி ஏறுகிற அட்டை. அவளுடைய பெரியப்பாவை இரண்டாம் பாரத்தில் கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டேன். நல்ல மனிதர், எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. கிட்டங்கி மயக்கத்தில் எழுதிக்கொண்டே போனவள், ஐந்தாம் பாரத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது. "பெரியப்பா காப்பி குடிக்கிறார். உடனே பேசவும்."

தந்தி என்றதும் அன்வர் பயந்துபோனார். "யாருக்கு இன்னா ஆச்சி? எந்தப் பெரியப்பா?" என்று கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க, செத்தவரு உசுரோட வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினேன். தொலைபேசிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.

"அம்மா, பெரியப்பா செத்தாச்சு" என்றார் சபாபதி சார்.

"ஆமாங்க."

"அஞ்சு பாரம் அடிச்சாச்சு. நான் படிச்சதே அச்சான பிறகுதான், என் தப்பும்தான். இனிமே ஆறாம் பாரத்துலதான் சரி பண்ணணும். இரட்டைப் பிறவின்னு மட்டும் எழுதிடாதீங்க, போன மாசம்தான் அதைப் போட்டோம்."

"முடியலன்னா இன்னாங்க ஆவும்?"

"காகிதத்துக்கு முதலாளி உங்ககிட்ட காசு கேக்க மாட்டார். அடுத்த மாசம் அட்டை அனுப்ப மாட்டார்."

அட்டை வராவிட்டால் அரிசி வராது. வீட்டுக்கு வந்து சாக்கில் உட்கார்ந்தேன். பெரியப்பாவை மறுபடி கொல்ல மனசு வரவில்லை. மதியம் முழுவதும் சும்மாவே இருந்தேன், மூட்டைகளின் மேல் வெளிச்சம் நகர்ந்துகொண்டே போனது. பிறகு ஒன்று தோன்றியது. அவர் செத்த நாளிலிருந்து அந்தப் பெண் தினமும் காலியான நாற்காலிக்கு முன் காப்பி வைக்கிறாள். அவர் குடிப்பதாக நாம் பார்த்தது அவள் கண்ணால் பார்த்தது. கடைசியில் ஒருநாள் தம்ளரை எடுக்கும்போது அது நிறைந்தே இருக்கிறது, மேலே ஆடை படிந்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்கே அவர் செத்தது உறைக்கிறது. எழுதும்போது நானும் அழுதேன். சபாபதி சாரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "காப்பி ஆறியது நன்று."

அந்தப் புத்தகம் ஆறு பதிப்பு போனது. எனக்கு வந்தது முதல் பதிப்புக்கான மணியார்டர் ஒன்றுதான். ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம், சகல உரிமையும் பதிப்பகத்துக்கு என்று. மூட்டையை விற்றுவிட்டால் உள்ளே இருக்கிற புளியும் போனதுதானே? அதனால் நான் அதைப் பற்றிப் பெரிதாக நினைக்கவில்லை. அன்வர் கைத்தடியோடு நடமாடத் தொடங்கி, திரும்ப மலைக்குப் போக ஆரம்பித்தார். ஆனாலும் அவருடைய வியாபாரம் பாதியாகிவிட்டது. வீடு என் எழுத்தில்தான் ஓடியது.

ஆறாம் பதிப்பை நான் பார்த்தது பேருந்து நிலையத்துக் கடையில். திருப்பினேன். பின்னட்டையில் ஒரு புகைப்படம். கறுப்புக் கண்ணாடி, அடர்ந்த மீசை, கன்னத்தில் கை. கீழே நீலமோகன் என்று போட்டிருந்தது. அன்வர் எட்டிப் பார்த்து, "ஜமீலா, ஒனுக்கு மீசை நல்லாத்தான் கீது" என்றார். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் அவர்களுடையது என்று சொன்னார்கள், சரி. முகத்தையும் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவில்லையே! இனி என் பெயர் போட வேண்டும், மறுபதிப்புக்குப் பணம் தர வேண்டும் என்று எழுதினேன். பச்சை மையில் பதில் வந்தது. "இரண்டும் இயலாது. முதலாளி முடிவு. தாங்கள் நலமா?" நலமில்லை என்று எழுதி, அந்த மாதத்து அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு வருஷம் உட்கார்ந்து என் பெயரில் ஒரு நாவல் எழுதினேன். அட்டை வராமல், பாரக் கணக்கு இல்லாமல் எழுதுவது சுகமாக இருந்தது. விழுப்புரத்தில் ஒருவர் அச்சிட்டார். பணத்துக்குப் பதிலாக முந்நூறு பிரதி அனுப்பினார். புளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் என் புத்தகக் கட்டுகளும் ஏறின. அன்வர் சந்தையில் ஒரு வியாபாரத் தந்திரம் செய்து பார்த்தார். "ரெண்டு கிலோ புளி வாங்கினா பொஸ்தகம் ஒண்ணு இனாம்!" ஓர் அம்மாள் புளியை வாங்கிக்கொண்டு, "பொஸ்தகத்துக்குப் பதிலு இன்னும் ஒரு கை புளி போடு பாய்" என்றாளாம். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

வீட்டு வாடகை கட்டுவது நின்றுபோனது. மகள் ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம் முடித்திருந்தாள், இரண்டாம் வருஷத்துக்குப் பணம் கட்ட வழியில்லை. அந்த நேரத்தில் சபாபதி சாரிடமிருந்து உறையிட்ட கடிதம் வந்தது. நீலமோகனாகப் புதியவர் ஒருவர் எழுதுகிறார், ஆனால் கதை நடக்கவில்லை. நான் திரும்பி வந்தால் ஒன்றரை மடங்கு பணம். பெயரும் படமும் மாறாது, நான்தான் எழுதுகிறேன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. ஒரு வாரத்தில் பதில் வேண்டும்.

ஒப்புக்கொண்டால் மகள் படித்து முடிப்பாள். என்னைத் தடுத்தது ரோஷம் மட்டுமில்லை. ஒரு பயம் இருந்தது. யார் எழுதினாலும் நீலமோகன்தான் என்றால், இத்தனை வருஷம் அந்தச் சாக்கில் உட்கார்ந்திருந்தது யார்? நான் இருந்தேனா, இல்லையா? இதை அன்வரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "சும்மா வூட்லயே குந்திக்கினு இருந்தா இப்டித்தான் தோணும். நாளைக்கி மலைக்கு வா" என்றார்.

வடக்கனந்தல், கச்சிராயப்பாளையம் தாண்டி, அணையைத் தாண்டிப் பேருந்து ஏறியது. ஏற ஏற மேகம் உள்ளே வந்தது. பக்கத்தில் இருக்கிறவர் முகம் மங்கித் தெளிந்தது. கிட்டங்கிக் கதவு வழியாகத் தினமும் பார்த்த நீலக் கோட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, என் ஆட்கள் யாராவது வழியில் கைகாட்டி ஏறினால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். வெள்ளிமலையில் இறங்கினோம். அன்வர் புளி பேசப் போனார். என்னை ஒரு தேநீர்க் கடையில் உட்காரவைத்தார். "இவங்க காத்தாயி. எட்டாவது படிச்சவங்க, ஒன்ன மாதிரி பொஸ்தகப் பைத்தியம்" என்றார்.

காத்தாயிக்கு முப்பது வயதிருக்கும். தேநீர் ஆற்றுகிற வேகத்தில் ஒரு சொட்டுச் சிந்தாது. கடைச் சுவரில் இரண்டு பலகை. மேல் பலகையில் பழுப்புக் காகித அட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகப் புத்தகங்கள். கீழ்ப் பலகையில் கொஞ்சம் புத்தகங்கள் அட்டையில்லாமல் கிடந்தன. வாடகைக்கு விடுகிறாளாம், ஒரு புத்தகம் நாலணா. எல்லாம் நீலமோகன்.

"மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா ஏம்மா வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"மேல கீறது அவரு எழுதினது. கீழ கீறது அவரு எழுதாததுங்க."

"எல்லாத்துலயும் அவரு பேருதானே போட்டிருக்கு?"

"பேரு போட்டா ஆச்சிங்களா? அவரு எழுதினா ஆளுங்களுக்குப் பசிக்குங்க பாயம்மா. கொல பண்ணிட்டு ஓடறவன்கூட எங்கியாவது நின்னு ரெண்டு பன்னு துன்னுட்டுத்தான் ஓடுவான். கீழ கீறதுல ஒருத்தனுக்கும் பசிக்கல. சும்மா சுட்டுக்கினு கீறானுங்க. அவரு பசி தெரிஞ்ச ஆளுங்க."

என் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தியை இந்த மலைமேல் ஒரு பெண் இத்தனை நாளாகத் தெரிந்துவைத்திருக்கிறாள். எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அதற்குப் பதிலாக, அந்தப் புதியவர் எப்படித்தான் சொதப்பியிருக்கிறார் பார்க்கலாம் என்ற அற்பச் சந்தோஷத்தில் கீழ்ப் பலகைக்குப் போனேன்.

பதினான்கு புத்தகம். எட்டு நான் விலகிய பிறகு வந்தவை. மீதி ஆறு என்னுடையவை.

அந்த ஆறும் எனக்கு நினைவிருந்தது. அன்வர் காலுக்கு இரண்டாவது அறுவைச் சிகிச்சை என்று சொன்னபோது, மாதம் இரண்டு அட்டை அனுப்பச் சொல்லி நானேதான் சபாபதி சாருக்கு எழுதினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எழுதியவை. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ஒருவரும் சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தார்கள், சுட்டார்கள், போனார்கள்.

"இத நான் எடுத்துக்கறேன்" என்று நாலணாவை நீட்டினேன்.

"அது வேணாம்மா, காசு தண்டம்" என்றாள் காத்தாயி.

"இல்லம்மா, இது அவரு எழுதினதுதான். எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அவரே எழுதியிருந்தாலும் அவரு அன்னிக்கி அங்க இல்லீங்க. கை மட்டும் எழுதிக்கினு இருந்திருக்கும். பாவம், வூட்ல இன்னா கஷ்டமோ" என்றாள். காசை வாங்கவேயில்லை.

இறங்கும்போது பேருந்தில் அணை தெரிந்ததும் அன்வரிடம் சொன்னேன். "சபாபதி சாருக்கு எழுதறேன், ஒத்துக்கறேன்னு. ஆனா மாசம் ஒண்ணுதான்."

"ரெண்டு எழுதினா வாடகப் பாக்கியும் சீக்கிரம் தீந்துடுமே, ஜாஸ்தி வருமே?"

"ஒண்ணுதாங்க. வாடகைய நீங்க பாத்துக்குங்க."

அவர் கைத்தடியை இரண்டு தட்டுத் தட்டினார். "சரி, பாத்துக்கறேன்" என்றார்.

பெயர் போனால் போகட்டும் என்று நான் பெரிய மனசோடு விட்டுவிடவில்லை. அந்த மீசைக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். உங்கள் கைப்பேசியில் எந்தத் தாளில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள், பெண்களே. பிழைக்க முடியுமா என்றால், பிழைத்தேன். மகள் ஆசிரியை ஆனாள். வாடகைப் பாக்கி தீர இரண்டு வருஷம் ஆனது. அந்தப் பதிப்பகம் மூடுகிற வரை, பதினோரு வருஷம், மாதம் ஒன்றுதான் எழுதினேன்.

திரும்பி வந்து எழுதிய முதல் புத்தகம் கடைக்கு வந்த மறு மாதம் அன்வரோடு மறுபடி வெள்ளிமலைக்குப் போனேன். பேருந்து நின்றும் நான் எழுந்திருக்கவில்லை. பத்தாவது பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, எந்தப் பலகைன்னு" என்றேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேகத்துக்குள் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். தடிச் சத்தம் திரும்பி வந்தது.

"பொஸ்தகம் அங்க இல்ல. யாரோ வாடகைக்கு எடுத்துக்கினு போயிருக்காங்களாம்" என்றார்.

"அப்ப தெரியலியா?"

"மேல் பலகைல நடுவுல ஒரு பொஸ்தகம் அளவுக்கு எடம் காலியா கீது. பொஸ்தகம் திரும்பி வர்ற வரைக்கும் அத யாரும் தொடக்கூடாதாம்."